சிபிபி மானியம் நின்னாச்சு: உள்ளூர் பொது வானொலிக்கு என்ன ஆகும், நன்கொடையை யாருக்குக் கொடுக்கிறது?

மேப்பிள்மரம் கேட்டது:

அமெரிக்கா, நடுமேற்கில் ஒரு சின்ன ஊர். பக்கத்துப் பல்கலைக்கழகம் நடத்துற பொது வானொலிதான் இங்கே உள்ளூர்ச் செய்தி, பள்ளி விடுமுறை அறிவிப்பு, புயல் எச்சரிக்கை எல்லாத்துக்கும். பொது ஒலிபரப்புக்குக் கூட்டரசுப் பணத்தைப் பிரிச்சுக் கொடுத்த அமைப்பு சிபிபி. 2025-ல காங்கிரஸ் அந்தப் பணத்தை ரத்து செஞ்சாங்க, அப்புறம் சிபிபியோட நிர்வாகக் குழுவே அமைப்பைக் கலைச்சிட்டாங்க. ஆனா ரேடியோவைப் போட்டா இன்னமும் எல்லாம் பழையபடிதான் கேட்குது.

கேள்வி மூணு. ஒண்ணு, பணம் நின்னும் ஏன் ஒண்ணுமே மாறலை? இனிமேதான் அடி விழுமா? ரெண்டு, நிலையம் எங்கே கைவைக்கும்? மூணு, இங்கே நாலைஞ்சு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மாசம் தலைக்குப் பத்து டாலர் தரலாம்னு பேச்சு. நாடு முழுக்க நிகழ்ச்சி தர்ற என்பிஆருக்கா, உள்ளூர் நிலையத்துக்கா? கம்பெனி மேட்சிங் (நாம தர்றதுக்கு ஈடா கம்பெனியும் தர்றது) கிடைக்குமா?

அரசியல் சண்டை வேண்டாம், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

———

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதல் கேள்விக்குப் பதில் அந்தப் பணம் வந்த வழியிலேயே இருக்கிறது.

1975-லிருந்து சிபிபிக்கான நிதியை காங்கிரஸ் இரண்டு ஆண்டு முன்கூட்டியே ஒதுக்கி வந்தது. அன்றாட அரசியல் கை செய்தியறைக்குள் நீளக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. 2025 ஜூலையில் ரத்தானது அப்படி ஏற்கெனவே ஒதுக்கிய 2026, 2027 நிதியாண்டுகளின் பணம். ஆண்டுக்கு 53.5 கோடி டாலர், இரண்டுக்கும் சேர்த்து சுமார் 110 கோடி. செனட்டில் 51–48, கீழவையில் 216–213 என்று நூலிழையில் நிறைவேறி, ஜூலை 24-ல் கையெழுத்தானது. மொத்தம் 900 கோடி டாலர் ரத்துச் சட்டம் அது. பெரும்பகுதி வெளிநாட்டு உதவி, பொது ஒலிபரப்பு அதில் ஒரு மூலை.

2025-ஆம் ஆண்டு மானியம் அதற்கு முன்பே நிலையங்களுக்குப் போய்விட்டது. ஒரு மானியத்தைச் செலவழிக்க இரண்டு ஆண்டுக் கெடுவும் உண்டு. பல நிலையங்கள் பழைய மானியத்தின் மிச்சத்தையும், செய்தி பரபரப்பாக இருந்தபோது கொட்டிய நன்கொடையையும் வைத்துத்தான் இப்போது ஓடுகின்றன. பல்கலைக்கழக நிலையம் என்றால் பட்ஜெட் பெரும்பாலும் ஜூலை–ஜூன். ரத்து நடந்தபோது அந்த ஆண்டு பட்ஜெட் போட்டு முடிந்திருக்கும். மானியம் என்ற இனமே இல்லாமல் போடும் முதல் முழு பட்ஜெட் அடுத்ததுதான். ஆகவே, ஆமாம், இனிமேல்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இந்தப் பணம் என்பிஆருக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். என்பிஆரின் வருவாயில் நேரடிக் கூட்டரசுப் பணம் சுமார் 1 சதவீதம், பொதுத் தொலைக்காட்சி அமைப்பான பிபிஎஸ்ஸுக்கு சுமார் 15. சிபிபியின் நிதியில் 70 சதவீதத்துக்கு மேல் நேராக உள்ளூர் நிலையங்களுக்குத்தான் போனது. நிர்வாகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, பொதுச் செலவுகளுக்கு 6, மீதியில் முக்கால் பங்கு தொலைக்காட்சிக்கு, கால் பங்கு வானொலிக்கு. இது சிபிபி தன் இஷ்டத்துக்குப் பிரித்ததல்ல, சட்டமே போட்ட சூத்திரம். என்பிஆருக்கு அடி சுற்றி வளைத்து வரும்: அதன் வருவாயில் சுமார் 30 சதவீதம் நிலையங்கள் கட்டும் நிகழ்ச்சிக் கட்டணம். நிலையம் இளைத்தால் அதுவும் இளைக்கும். அதனால்தான் தன் செலவில் 80 லட்சம் டாலரைக் குறைத்து நிலையங்களின் பாரத்தை இறக்குவதாக என்பிஆர் அறிவித்தது.

உங்கள் நிலையத்துக்கு எவ்வளவு அடி என்று ஊகிக்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம். மானியம் வாங்கிய நிலையங்கள் தணிக்கை செய்த நிதி அறிக்கையைத் தளத்தில் போட வேண்டும் என்று விதி இருந்தது. பக்கத்தின் அடியில் ‘அபௌட்’ அல்லது ‘ஃபைனான்ஷியல்ஸ்’ என்ற இணைப்பில் பழைய ஆண்டுகளின் அறிக்கை இன்னும் இருக்கும். வருவாய்ப் பட்டியலில் சிபிபி மானியத் தொகையை எடுத்து மொத்த வருவாயால் வகுக்கவும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பல்கலைக்கழக நிலையத்தின் மொத்த வருவாயில், கட்டட இடம், மின்சாரம், நிர்வாக உதவி என்று பல்கலைக்கழகம் பொருளாகத் தருவதன் மதிப்பும் சேர்ந்திருக்கும். அது பணம் அல்ல, அதை வைத்து ஒரு நிருபருக்குச் சம்பளம் போட முடியாது. உதாரணத்துக்கு மொத்தம் 20 லட்சம் டாலர், அதில் பொருளுதவி 5 லட்சம், சிபிபி 1.8 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் 9 சதவீதம். பொருளுதவியைக் கழித்தால் 12. அந்தப் பன்னிரண்டுதான் மெய்.

பெருநகர நிலையங்களில் இது பெரும்பாலும் ஒற்றை இலக்கம். வலிக்கும், ஆனால் பிழைக்கும். மானியம் பெற்ற 544 அமைப்புகளில் 245 கிராமப்புறத்தவை. அங்கேதான் கதை வேறு.

———

பனிக்கரடி எழுதியது:

கிராமப்புறம் என்றதும் அலாஸ்காவைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெத்தெல் ஊரின் கேஒய்யுகே நிலையம் 640 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில், ஆங்கிலத்தோடு யூப்பிக் மொழியிலும் செய்தி தருகிறது. அதன் வருவாயில் சிபிபியின் பங்கு சுமார் 70 சதவீதம். சுற்றியுள்ள கிராமங்களுக்குச் சாலை கிடையாது. நன்கொடை கேட்கக்கூட ஆள் போதாது, விளம்பரதாரருக்கு எங்கே போவது?

2025 ஜூலை 16-ல், செனட்டில் விவாதம் நடந்துகொண்டிருந்த நாளிலேயே, அலாஸ்காவின் சாண்ட் பாயிண்ட் அருகே 7.3 அளவில் நிலநடுக்கம் வந்து சுனாமி எச்சரிக்கை போனது. அந்த மாநிலத்து செனட்டர் லிசா மர்கௌஸ்கி அதையே சுட்டிக்காட்டி எதிர்த்து வாக்களித்தார். குடியரசுக் கட்சியில் அவரும் மெய்ன் மாநிலத்து சூசன் காலின்ஸும் மட்டும்தான் எதிர்ப்பு. அந்த அக்டோபரில் ஹாலோங் சூறாவளியின் எச்சம் கிப்னக், க்விகிலிங்கோக் கிராமங்களை அடித்துக்கொண்டு போனபோது, அந்தப் பகுதிக்குச் செய்தி சொன்னது இதே கேஒய்யுகேதான்.

பழங்குடி நிலையங்களுக்கு மட்டும், சட்டத்தில் எழுதாத ஓர் ஏற்பாடாக, பழங்குடி விவகாரங்களைக் கவனிக்கும் இன்டீரியர் துறையின் வேறு கணக்கிலிருந்து சுமார் 94 லட்சம் டாலர் தருவதாகத் தெற்கு டகோட்டா செனட்டர் மைக் ரவுண்ட்ஸ் பேசி முடித்தார். ஒரு முறைக்கு அது சரி. வருஷா வருஷம் வரும் மானியத்தை வைத்துத்தான் ஆள் எடுக்க முடியும்.

———

ஆண்டெனா அண்ணாச்சி எழுதியது:

ரெண்டாவது கேள்வி நம்ம ஏரியா.

நிலையத்தோட செலவுல குறைக்க முடியாத பகுதி ஒண்ணு இருக்கு: டிரான்ஸ்மிட்டர் கரண்ட் பில், கோபுர வாடகை, ஸ்டூடியோவிலேருந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போற எஸ்டிஎல் இணைப்பு, எச்சரிக்கைக் கருவி. கேக்குறவங்க நூறு பேர்னாலும் லட்சம் பேர்னாலும் இது ஒண்ணுதான். சின்ன ஊர் ஏன் முதல்ல சாயுதுன்னா இதான் காரணம்.

கரண்டுக்கு ஒரு கணக்கு. 10 கிலோவாட் வெளியீடு உள்ள எஃப்எம் டிரான்ஸ்மிட்டர், திறன் 70 சதவீதம்னா இழுக்கிறது 14.3 கிலோவாட். மாசம் 720 மணி நேரத்துக்குப் பத்தாயிரம் யூனிட்டுக்கு மேல. ஏசிக்குச் சராசரி 2 கிலோவாட் சேத்தா 11,700 யூனிட். யூனிட் 15 சென்ட்னா மாசம் 1,750 டாலர் பக்கம், வருஷம் 21,000. பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர்னா திறன் இன்னும் கம்மி, பில் இன்னும் ஏறும். அதை மாத்தி சாலிட் ஸ்டேட் போட்டா கரண்ட் மிச்சம்தான், ஆனா மாத்துறதுக்கு மொதல் வேணும். அந்த மொதல்தான் இப்ப இல்லை.

பவரைக் குறைச்சுக்கலாமேன்னு கேப்பாங்க. இஷ்டத்துக்கு முடியாது. எஃப்எம் நிலையம் அனுமதிச்ச பவர்ல 90-லிருந்து 105 சதவீதத்துக்குள்ள ஓடணும். பழுதுனால கீழ போனா 10 நாளுக்குள்ள, ஒலிபரப்பு உரிமம் தர்ற எஃப்சிசிக்குச் சொல்லணும், 30 நாளுக்கு மேல இழுத்தா தற்காலிக அனுமதி வாங்கணும். பாதியாக் குறைச்சா சமவெளியில எல்லை ஆரம் 15 சதவீதம் மாதிரி சுருங்கும். கேக்க சின்னதாத் தெரியும், பரப்பளவுல அது கால் பங்குக்கு மேல. போறது ஓரத்துப் பண்ணை வீடுகள். செல்போன் சிக்னல் இல்லாததும் அங்கேதான்.

அடுத்து டிரான்ஸ்லேட்டர். மலைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தாக்குல, 250 வாட்டுக்குள்ள ஓடுற சின்ன மறு ஒலிபரப்பி. நிறைய இடத்துல இது தாய் நிலையத்தோட அலையைக் காத்துல பிடிச்சு வேற அலைவரிசையில திருப்பி விடும். அதனால தாய் நிலையம் விழுந்தா எல்லாம் விழும். ஒரு டிரான்ஸ்லேட்டர் இடி வாங்கினா யாரும் அவசரப்பட மாட்டாங்க, ஏன்னா அந்தப் பள்ளத்தாக்குல நன்கொடையாளர் இருபது பேர்தான். அப்படியே கிடக்கும். நிலையம் மூடுறதுக்கு முன்னாடி இப்படித்தான் ஓரத்துலேருந்து ஒவ்வொண்ணா அணையும், செய்தியில வராது.

பராமரிப்பைத் தள்ளிப்போட்டா என்ன ஆகும்? கோபுரத்து மேல ஆண்டெனாவுக்கு சிக்னல் கொண்டுபோற கோஆக்ஸ் குழாய்க்குள்ள நைட்ரஜனோ உலர்ந்த காத்தோ சில பிஎஸ்ஐ அழுத்தத்துல அடைச்சு வச்சிருப்பாங்க, ஈரம் உள்ள போகாம இருக்க. எங்கேயாவது கசிஞ்சு அழுத்தம் இறங்குச்சுன்னா, சிலிண்டர் மாத்துற செலவோட முடிஞ்சிருக்க வேண்டியது. கவனிக்க ஆள் இல்லைன்னா தண்ணி உள்ள போயி, பொறி அடிச்சு, உள் கம்பி கருகி, குழாயையே மாத்தணும். கோபுரம் ஏறுற கூலி தனி. அதே மாதிரி காத்து வடிகட்டி. சில டாலர் சாமான். அடைச்சா டிரான்ஸ்மிட்டர் சூடாகித் தானே பவரைக் குறைச்சுக்கும். "என்ன, இப்பெல்லாம் இரைச்சலாக் கேக்குது"ன்னு சொல்ற இடத்துல பாதிக்குப் பாதி இந்தக் கதைதான்.

ஜெனரேட்டரை வாரா வாரம் லோடு போட்டு ஓட்டிப் பாக்கணும். லோடு இல்லாம சும்மா உறும விட்டா எரியாத டீசல் புகைக்குழாயில படிஞ்சு நாறிடும். தொட்டியில பழைய டீசல் கெட்டுப்போயி வடிகட்டியை அடைக்கும். ரெண்டும் புயல் அன்னிக்குத்தான் தெரியும்.

சம்பளத்துக்கு இருந்த இன்ஜினியரை அனுப்பிட்டு நாலு நிலையத்துக்கு ஒரு ஒப்பந்த ஆள்னு ஆக்குறாங்க. மணிக்கணக்குல சரியான பழுது நாள்கணக்கு ஆகும். ஐஸ் புயல்ல நாலு நிலையமும் ஒண்ணா விழுந்தா அவர் எங்கேன்னு போவார்?

எச்சரிக்கைக் கருவி: ஒவ்வொரு நிலையமும் குறைஞ்சது ரெண்டு மூல நிலையத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கணும், அதோட இணையம் வழியா பேரிடர் நிர்வாகத் துறையான ஃபீமாவோட ஐபாஸ் எச்சரிக்கை அமைப்பையும் பாக்கணும். பல வட்டாரத்துல அந்த முதல் மூல நிலையம் பொது வானொலிதான். அது ஓய்ஞ்சா அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்ற தனியார் நிலையங்களுக்கும் ஒரு காது போச்சு. பழைய எச்சரிக்கைக் கருவி, ஜெனரேட்டர் மாத்த ஃபீமா கொடுத்த மானியத்தைக் கையாண்டதும் சிபிபிதான், அந்த வழியும் அடைஞ்சுது.

———

மேப்பிள்மரம்:

அண்ணாச்சி, இரைச்சல்னு சொன்னீங்களே, இங்கே மூணு வாரமா அதேதான்! நிலையத்துக்குச் சொல்லணுமா? அப்புறம் ஒருவேளை நிலையத்தையே நிறுத்திட்டா அந்த அலைவரிசை என்ன ஆகும்?

———

ஆண்டெனா அண்ணாச்சி:

கட்டாயம் சொல்லுங்க. "சரியாக் கேக்கலை"ன்னு மட்டும் எழுதாதீங்க. எந்த இடம், எத்தனை மணி, கார் ரேடியோவா வீட்டு ரேடியோவா, மழை நாள்ல மட்டுமா எப்பவுமா, பக்கத்து அலைவரிசை நல்லா வருதான்னு எழுதுங்க. மழைக்கு மட்டும்னா ஆண்டெனா, குழாய்ப் பக்கம் ஈரம்னு இன்ஜினியர் பிடிச்சிடுவார். எச்டி (டிஜிட்டல்) ரேடியோ உள்ள கார்னா, டிஜிட்டலுக்கும் அனலாகுக்கும் மாறி மாறித் துள்ளுதா, எதிரொலிக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. அது வேற பழுது.

நிறுத்தினா: 10 நாளுக்குள்ள எஃப்சிசிக்கு அறிவிப்பு, 30 நாளைத் தாண்டினா அனுமதி. தொடர்ந்து 12 மாசம் மௌனமா இருந்தா உரிமம் தானே காலாவதி. அதனால யாரும் பொதுவா அது வரைக்கும் விடமாட்டாங்க, வித்துடுவாங்க. 88-லிருந்து 92 மெகாஹெர்ட்ஸ் வரை வணிகம் இல்லாத கல்வி நிலையங்களுக்கு ஒதுக்கினது. அங்கே வாங்க வர்ற ஆள்ல முக்கியமானவங்க நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சியைச் செயற்கைக்கோள்ல விடுற மத ஒலிபரப்பு வலையமைப்புகள். அவங்களும் லாபநோக்கமில்லாதவங்கதான், சட்டப்படி சரிதான். ஆனா உங்க ஊர்ப் பள்ளி விடுமுறையை அவங்க சொல்ல மாட்டாங்க. போன உரிமம் திரும்பாது.

———

சந்தேகசாமி எழுதியது:

ஒரு மாற்றுக் குரல். எல்லாரும் பாட்காஸ்ட் கேட்கிற காலத்தில் வரிப்பணம் எதற்கு? விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கட்டுமே. நம்மூர்த் தனியார் எஃப்எம் எல்லாம் ஓடவில்லையா?

———

கணக்குப்பிள்ளை:

வரிப்பணம் தரலாமா கூடாதா என்பது கொள்கை விவாதம், அதில் நான் நுழையவில்லை. மேலே சொன்ன 53.5 கோடியைத் தலைக்குப் பிரித்தால் ஆண்டுக்கு சுமார் 1.60 டாலர். அதிகமா குறைவா என்று அவரவர் முடிவு செய்யட்டும்.

ஆனால் “விளம்பரம் போடட்டும்” என்பது நடக்காது, சட்டம் விடாது. கல்வி உரிமம் வைத்திருப்பவர் ஆதரவாளர் பெயரைச் சொல்லலாம், விளம்பரம் செய்யக்கூடாது. இங்கே கடை வைத்திருக்கும் தமிழர்கள் யாராவது ஆதரவு தர நினைத்தால் பயன்படும், அதனால் உதாரணத்தோடு சொல்கிறேன். “இந்த நிகழ்ச்சிக்கு ஆதரவு: மெயின் தெருவில் உள்ள இந்திய மளிகைக் கடை. அரிசி, பருப்பு, மசாலா வகைகள். தொலைபேசி எண் இது” என்றால் சரி. “ஊரிலேயே சிறந்த கடை” தவறு, தரத்தை ஒப்பிட்டுப் புகழ்கிறது. “20 சதவீதத் தள்ளுபடி” தவறு, விலையைப் பேசுகிறது. “இன்றே வாருங்கள்” தவறு, வாங்கத் தூண்டுகிறது. மீறினால் அபராதம் நிலையத்துக்கு, கடைக்கு அல்ல. ஆகவே எழுதிக்கொடுத்ததை அவர்கள் வெட்டினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாட்டு ஒலிபரப்பும் விஷயத்திலும் சிபிபிதான் கண்ணுக்குத் தெரியாத வேலை செய்தது. பாடல் உரிமைக் கட்டணத்தை அஸ்காப், பிஎம்ஐ, சௌண்ட்எக்ஸ்சேஞ்ச் போன்ற இசை உரிமை அமைப்புகளோடு எல்லா நிலையங்களுக்கும் சேர்த்துப் பேசி, கட்டியும் வந்தது. நிலையம் தனியாகப் பேரம் பேசப் போனால் வக்கீல் கூலியே கட்டுப்படியாகாது. இசை நிகழ்ச்சி மிகுந்த சின்ன நிலையங்கள் பயப்படுவது இதற்குத்தான்.

தொலைக்காட்சியில் முடிவுகள் ஏற்கெனவே வந்துவிட்டன. ஆர்கன்ஸாவில் மாநில ஆணையம் பிபிஎஸ் உறுப்பினர் கட்டணமான சுமார் 25 லட்சம் டாலரைக் கட்ட இயலாது என்று 2025 டிசம்பரில் விலக வாக்களித்தது. அவர்கள் இழந்த சிபிபி பணமும் ஏறக்குறைய அதே தொகை. நியூ ஜெர்சியில் என்ஜே பிபிஎஸ்ஸை நடத்தும் அமைப்பு, 2026 ஜூன் 30-க்குப் பிறகு ஒப்பந்தத்தைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது. அங்கே மாநில நிதியும் சேர்ந்து குறைந்தது. இரட்டை அடி தாங்காது.

இப்போது மூன்றாவது கேள்வி. உள்ளூர் நிலையத்துக்கே கொடுங்கள். என்பிஆருக்குப் பங்கு நிலையம் கட்டும் கட்டணத்தில் போய்விடும். உங்கள் ஊர் நிருபரின் சம்பளம் மட்டும் வேறு எங்கிருந்தும் வராது.

கொடுப்பதற்கு முன் உரிமம் யார் பெயரில் என்று பாருங்கள். மணிக்கு ஒருமுறை நிலையத்தின் எழுத்துப்பெயரும் ஊர்ப்பெயரும் சொல்வார்கள் அல்லவா, அந்த எழுத்துப்பெயரை எஃப்சிசியின் பொது ஆவணத் தளத்தில் தேடினால் உரிமையாளர் தெரியும். அங்கேயே காலாண்டுக்கு ஒருமுறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 10-க்குள், எந்தெந்த உள்ளூர்ப் பிரச்சினைகளுக்கு என்ன நிகழ்ச்சி செய்தோம் என்ற பட்டியலை ஏற்ற வேண்டும். நான்கு காலாண்டை வரிசையாகப் படியுங்கள். உள்ளூர் நிகழ்ச்சிகள் குறைந்து தேசிய நிகழ்ச்சிப் பெயர்களே நிரம்பி வந்தால், செய்தியறை காலியாகிறது என்று பொருள்.

உங்களுடையது பல்கலைக்கழக நிலையம். நன்கொடை பெரும்பாலும் பல்கலைக்கழக அறக்கட்டளை வழியாகப் போகும். இரண்டு கேள்வி கேளுங்கள்: அறக்கட்டளை எத்தனை சதவீதம் பிடித்துக்கொள்கிறது, நிலையத்துக்கென்று தனிக் கணக்கு எண் உண்டா? கம்பெனி மேட்சிங்கில் தவறு நடப்பதும் இங்கேதான். தளத்தில் நிலையத்தின் பெயரைத் தேடினால் கிடைக்காது, அறக்கட்டளையின் வரி எண்ணைத் தேட வேண்டும், குறிப்புப் பெட்டியில் நிலையத்தின் பெயரையும் கணக்கு எண்ணையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் உங்கள் கம்பெனியின் பத்து டாலர் பொது நிதியில் கரைந்துபோகும்.

மாதத் தொகையை அட்டையில் வைக்காமல் வங்கிக் கணக்கிலிருந்து போகச் செய்யுங்கள். 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் என்ற வழக்கமான அட்டைக் கட்டணத்தில் பத்து டாலருக்கு 59 சென்ட் போய்விடும். அட்டை காலாவதியானால் நன்கொடையும் சத்தமில்லாமல் நின்றுவிடும், நிலையங்கள் மாத ஆதரவாளர்களை இழக்கும் பெரிய ஓட்டை அதுதான். நான்கைந்து குடும்பம் என்பதால் ஒருவர் பெயரில் சேர்த்துக் கட்டலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். ஐந்து பேர் கொடுத்தால் ஐந்து ஆதரவாளர். வரி ரசீதும் மேட்சிங்கும் தனித்தனியாக வரும். பை, கோப்பை எல்லாம் வேண்டாம் என்று குறியிட்டால் முழுத்தொகையும் வரிக்கழிவுக்கு ஆகும். 2026 வரியாண்டிலிருந்து செலவைப் பட்டியலிடாமல் நிலைக்கழிவு எடுப்பவர்களும் ரொக்க நன்கொடையைத் தனியாருக்கு 1,000, தம்பதிக்கு 2,000 டாலர் வரை கழிக்கலாம்.

குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு என்று நிபந்தனை போடாதீர்கள். அண்ணாச்சி சொன்ன நைட்ரஜன் சிலிண்டருக்கென்று யாரும் நன்கொடை எழுதுவதில்லை.

———

மேப்பிள்மரம்:

ரொம்ப நன்றி. நிலையத்தோட 2024 அறிக்கை கிடைச்சுது. பொருளுதவியைக் கழிச்சா 14 சதவீதம் வருது. அறக்கட்டளைக்கு மெயில் போட்டாச்சு, இரைச்சல் விவரத்தை இன்ஜினியருக்குத் தனியா எழுதறேன். மழை நாள்ல மட்டும்தான் வருது அண்ணாச்சி.

———

ஆண்டெனா அண்ணாச்சி:

அப்ப குழாய்லதான் ஈரம். இப்பவே எழுதுங்க, பனி விழுந்துட்டா கோபுரம் ஏற ஆள் கிடைக்காது.